இறந்தகாலம்

மைதானத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.
இரண்டு அம்மாமார், ஒரு வாங்கு,
நடுவில் என் குடையும்
ஒருத்திக்கும் சொந்தமில்லாத இங்கிலீசும்.

வெரி ஹொட் டுடே, என்றா.
யெஸ் யெஸ், வெரி ஹொட்.
அதோடு வெயிலும் தீர்ந்துபோனது.

பெயர் நிலூஷி. குருநாகலிலிருந்து
திருகோணமலைக்கு வந்து ஏழு வாரம்.
புருசன் நேவி.
ஓ, நைஸ், என்றேன்.
யாரும் சொல்லித்தராத அந்த 'ஓ, நைஸ்'
எங்கிருந்து வந்ததோ.

யுவர் ஹஸ்பண்ட்?

ஹி வாஸ் எ டீச்சர்.
எத்தனையோ பிழைகளுக்கு நடுவே
அந்த 'வாஸ்' மட்டும் சரியாக விழுந்தது.

அதையும் பிழையென்றே எடுத்திருப்பா.
திருத்துவது மரியாதையில்லையென்று
மெல்லச் சிரித்து,
விச் ஸ்கூல்? என்றா.

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன்.
அது இப்பவும் இருக்கிறதுதானே.

கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
அவவின் பைக்குள் தலையை விட்டு
பணிசைக் கவ்வியது, உறையோடு.
ஐயோ!
கத்தியது நானா அவவா தெரியவில்லை.
இருவரும்தான்.

கொஞ்சநேரம் என்னையே பார்த்தா.
பிறகு,
வெரி நோட்டி டியர், என்றா.
யெஸ், வெரி நோட்டி.

குடையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.