நானூற்றுப் பன்னிரண்டு வீடு, ஒரு கதவெண்

இணையத்தில் எங்கள் பள்ளத்தாக்குக்கு
ஒரே முகவரி.
மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோச்சாவின் விடுதி,
பனிச்சரிவு மீட்புக் குழு
எல்லோரும் வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு
ஒரே ஆள்.
அந்த ஆள் ஒரு விநாடியில் நாற்பது பக்கம் திறக்கிறான்,
வரி கட்டுகிறான், பெண் தேடுகிறான்,
காய்ச்சலுக்கு மருந்து கேட்கிறான்.
சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

நீ மனிதன்தானா என்கிறது திரை.
போக்குவரத்து விளக்குள்ள படங்களைத் தொடு.
ஸ்வானெத்தியின் இந்த மூலையில்
விளக்கு ஒன்றுகூடக் கிடையாது.
மாடு குறுக்கே நின்றால் சிவப்பு,
நகர்ந்தால் பச்சை.

பதினாறு வயது சோத்னே
சித்தப்பாவின் வங்கிக் கடவுச்சொல்லை
இருபது முறை ஊகித்தான்.
இருபத்தொன்றாம் முறை வங்கி கதவைச் சாத்தியது,
நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும்.
அன்று பென்ஷன் நாள்.

புது முகவரிகள் உண்டு, தெரியும்.
விழுகிற பனித்துகளுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்தாலும்
மூட்டை குறையாது.
ஆனால் எங்களுக்கு வேண்டிய கதவுகள்
பழைய எண்ணில் தட்டினால்தான் திறக்கின்றன.

ஆம்ஸ்டர்டாமுக்கு எழுதினோம், நானும் தெங்கிஸும்.
எங்கள் கம்பெனியே அவ்வளவுதான்,
தவிர, கல்கோபுரத்தில் கட்டிய நான்கு ஆன்டெனா.
வீட்ஸ்கெ என்ற பெண் பதில் போட்டாள்:
கையிருப்பு இல்லை.
யாராவது மூடினால், யாராவது திருப்பித் தந்தால்,
ஆறு மாதம் ஆறப் போட்டு,
ஆளுக்கு இருநூற்றைம்பத்தாறு.
வரிசையில் நீங்கள் எழுநூற்று முப்பத்தொன்று.

யானைப் பசிக்குச் சோளப்பொரி.
அதையும் எண்ணி எண்ணித் தருகிறாள்.

தரகன் ஒருவன் போன் செய்தான்.
காத்திருப்பானேன், இருநூற்றைம்பத்தாறும் நாளைக்கே தருகிறேன் என்றான்.
அவன் சொன்ன விலைக்கு
பனி தள்ளும் வண்டி ஒன்று வாங்கலாம்.
பனி தள்ளும் வண்டியை வாங்கினோம்.

எழுநூற்று இரண்டு.
அறுநூற்று எண்பது.
வசந்தம் முழுக்க அறுநூற்று எண்பது.
எங்கேயாவது ஒரு கம்பெனி திவாலாகட்டும் என்று
மாதாகோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினான் தெங்கிஸ்.
வாசல்வரை வந்தவன் திரும்பிப் போய்
இன்னொன்று ஏற்றினான்,
அந்தக் கம்பெனி ஊழியர்களுக்காக.

நான்காம் குளிர்காலத்தில் வந்து சேர்ந்தன,
ரோட்டர்டாமில் கடையைக் கட்டிய
ஒரு பூ மொத்த வியாபாரியின் எண்கள்.
ஊரும் பேரும் எண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தன.
சன்னல் உயரத்துக்குப் பனி கிடக்க,
இன்று தூறல், குடை எடுங்கள் என்றது திரை.
உங்கள் தெருமுனையிலேயே சைக்கிள் பஞ்சர் கடை என்றது.
ஒரு வாரம் நாங்கள் எல்லோரும்
கடல்மட்டத்துக்குக் கீழே வாழ்ந்தோம்.

பிறகு பங்கு.

முதல் எண்ணும் கடைசி எண்ணும் யாருக்கும் தர முடியாது.
ஒன்று தெருவின் பெயர்,
மற்றது தெரு முழுக்கக் கூவும் குரல்.
எங்கள் கருவிக்கு ஒன்று.
மருத்துவமனைக்கு மூன்று.
மீட்புக் குழுவுக்கு இரண்டா, நான்கா?
பத்து அறைக்குப் பத்து எண் கேட்டான் கோச்சா,
கையில் ஒரு பாலாடைக்கட்டியோடு.
பாலாடைக்கட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.
பாதியை.
விடியும்வரை எழுதினேன், அடித்தேன்.
பார்த்தே இராத வீட்ஸ்கெ
எப்படித் தூங்குகிறாள் என்று
அன்றுதான் யோசித்தேன்.

காலையில் கதவருகே சோத்னே.
எனக்கு?
வரிசை இருக்கிறது என்றேன்.
எத்தனையாவது?
தாள் தேடினேன். அவன்
உள்ளங்கையை நீட்டினான்.

தொண்ணூற்று மூன்றில் ரொட்டிக்கடை வாசலில்
எங்களுக்கு எண் எழுதிய இடம் அது.
இவன் பிறந்திருக்கவில்லை.
யார் சொன்னார்கள் இவனுக்கு?

பேனாவில் மை உறைந்திருந்தது.
ஊதி ஊதி எழுதினேன்:
நூற்று எழுபத்தொன்று.