ஐந்து பைட்டில் கடன்

லிங்கிச்செட்டி தெரு, மூன்றாவது மாடி.
சங்கத்தின் கணக்கெல்லாம் இன்னும் கோபாலில்தான் ஓடுகிறது.
"கோபால் மறுபடியும் மக்கர்" என்று நாங்கள் பேசியதைக் கேட்டு
வாட்ச்மேன் ஏழுமலை ஒருநாள் விசாரித்தார்:
"அந்தக் கோபால் சாரை நான் பாத்ததே இல்லியே,
லாங் லீவா?"

எதையும் சும்மா கொண்டுபோய் வைத்துவிட முடியாது அதில்.
எழுத்தா எண்ணா, எத்தனை இடம்,
கழித்தலில் போகுமா,
எல்லாம் முதலிலேயே சொல்லியாக வேண்டும்.
எத்தனை பேர், வெஜ்ஜா, ஊரிலிருந்து ஆள் வருமா என்று
கேட் திறக்குமுன் கேட்கும்
மயிலாப்பூர் வீட்டுக்காரர் மாதிரி.

பெயருக்குப் பதினைந்து எக்ஸ்.
நிலுவைக்கு ஒரு எஸ், ஏழு ஒன்பது,
ஒரு வி, மறுபடி இரண்டு ஒன்பது,
கடைசியில் காம்ப் த்ரீ.

அந்த வி எனக்குப் பிடிக்கும்.
ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவே ஒரு புள்ளி,
ஆனால் எங்கேயும் பதியாது.
ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்தாமல் விட்டார்களாம்
கிழிந்துவிடும் என்று.
படிக்கிறவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

காம்ப் த்ரீ, ஷேர் ஆட்டோ.
பைட்டுக்கு இரண்டு இலக்கம், தோளிடித்துக்கொண்டு.
ஒன்பது பேரும் ஏறியபின் மிஞ்சும் அரை சீட்டில்
குறி தொங்கிக்கொண்டு வரும்.
சி என்றால் வரவு.
டி என்றால் கடன்.

அக்டோபர், வியாழன்.
சர்வர் ரூமில் ஏசிக்குக் கீழே பக்கெட்.
கடிதம் அச்சடிக்கப் புதுசாக ஒரு புலம் எழுதினேன்.
எஸ் போட மறந்தேன்.
கம்பைலர் ஒரு வார்த்தை பேசவில்லை.
இருநூற்றுப் பதின்மூன்று கடன்காரர்கள்
ராத்திரி ஒன்றரைக்குக் கடன் கொடுத்தவர்கள் ஆனார்கள்.
"சங்கம் தங்களுக்குத் தரவேண்டிய தொகை" என்று
வரிசையாக அடித்துத் தள்ளியது பிரிண்டர்.
நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

திங்கட்கிழமை ராயபுரத்திலிருந்து ஒருவர் வந்தார்.
காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் வேலை,
புடவையில் அந்த வாசம்.
சகாயமேரி ஃபிலோமினா.
கடிதத்தில் சகாயமேரி ஃபில்.
பதினைந்தோடு நின்றுவிட்டது.

"இது நெசமா?"
"இல்லம்மா, தப்பு. நீங்கதான் கட்டணும்."
"அது தெரியும். நாலாயிரத்து முன்னூத்திப் பன்னண்டு ரூபா அம்பது காசு.
காசுகூட மாறல, அதான் பாத்தேன்."

தப்பான கடிதங்களையெல்லாம் திரும்ப வாங்கச் சொல்லி
மேனேஜர் உத்தரவு.
கை நீட்டினேன்.
தரவில்லை.
லேமினேட் செய்து வைத்திருந்தார்.

"முப்பது ரூபா ஆச்சு" என்றார்.
பிறகு, வேறெங்கோ பார்த்தபடி,
"வட்டிக்கு விட்டிருக்கிற மோகனாகிட்ட காட்டினேன்.
பத்து நாள் டைம் குடுத்துச்சு."

எஸ்ஸைப் போட்டேன். ஒரு எழுத்து.
டம்ப் எடுத்துப் பார்த்தேன்:
பூஜ்யம் பூஜ்யம், பூஜ்யம் நாலு, முப்பத்தொன்று,
இருபத்தைந்து, பூஜ்யம் டி.
டி தன் அரை சீட்டில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் திரும்பி வந்தன,
சில மஞ்சள் கறையோடு, ஒன்றின் பின்புறம் மளிகைக் கணக்கு.
மிச்சம் ஒன்று
ராயபுரத்தில் பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது.
அதைத் திருத்த என்னிடம் கட்டளை இல்லை.

பெயர்ப் புலத்தை அடுத்து
பேரில்லாமல் கிடந்தது கொஞ்சம் ஃபில்லர்.
யாரும் கேட்காமலே அதிலிருந்து ஐந்து பைட் எடுத்து
பதினைந்தை இருபதாக்கினேன்.
ஃபிலோமினா அதில் முழுசாக உட்கார்ந்தது,
ஓர் இடம் மிச்சமில்லாமல்.

அடுத்த மாதம் அவருடைய முழுப்பெயருக்கு
முதல் கடிதம் போனது.
கட்டச் சொல்லித்தான்.