கம்பி அறுந்த சனிக்கிழமை

வெள்ளி மதியம் மூன்று மணிக்கு
ஒலிபெருக்கி வண்டி எங்கள் தெருவில் ஏறியது.
சூஷாவின் குரல்தான். வியாழன்தோறும்
அண்ணாந்தபடியே ஊரைச் சுற்றிவந்து
கம்பியைப் பார்க்கும் சூஷா.
மூன்றாம் கட்ட வேலைக்கு வந்த கிரேன்
மேற்குச் சரிவில் கம்பத்தை இடித்துவிட்டதாம்.
"ஏரூவ் இல்லை, இந்த ஓய்வுநாளுக்கு ஏரூவ் இல்லை."
இருமலுக்கு நடுவே இரண்டு தடவை சொன்னான்.

தூண்டில் நூலின் தடிமன்கூட இருக்காது.
அது சுற்றி நிற்கும்வரை
ஊர் முழுக்க ஒரே வீடு. சட்டப்படி.
ஜெபஆலயத்து அலமாரியில்
எல்லோருக்கும் பொதுவாக ஒரு மாட்சா பெட்டிகூட உண்டு,
ஒரே குடும்பம் என்பதற்குச் சாட்சியாக.
அறுந்தால், வாசலுக்கு வெளியே
கைக்குட்டையும் சுமை.
குழந்தையும் சுமைதான், நடக்கும்வரை.

மறுநாள் ஆண்கள் பையில்லாமல்
சால்வையைப் போர்த்தியே போனார்கள்.
சிலர் சாவியை இடுப்புப்பட்டியில் கோத்துக்கொண்டார்கள்.
நாங்கள் கதவைச் சும்மா சாத்திவைத்தோம்.
ஆறு பேரும் அவரோடு இறங்கிவிட்டார்கள்.
ஏழாவதுக்கு ஐந்து மாதம்.
நானும் அதுவும் பால்கனிக்கு வந்தோம்.

தெரு வேறு ஊர் போலிருந்தது.
ஒரு தள்ளுவண்டி இல்லை, ஒரு சக்கரம் இல்லை.
நட்டு இரண்டு வருஷமான மரங்கள்
முட்டுக்கொடுத்த கழிகளைவிட இன்னும் குட்டை.

எங்கள் பால்கனிகள் ஒன்றின் தலையில் ஒன்று வராது.
மாடிக்கு மாடி ஒதுங்கி ஒதுங்கி நிற்கும்.
கூடாரப் பண்டிகைக்கு
வீட்டுக்கு வீடு தன் பங்கு வானம் வேண்டுமென்று
வரைந்தவன் எவனோ கணக்காக விட்டிருக்கிறான்.
வருஷத்தில் ஏழு நாளுக்கென்று விட்ட வானம்.
அன்று அதில் முழுக்கப் பெண்கள்,
மேலே, கீழே, கோணலாக,
தோளில் துண்டு, துண்டின் மேல் குழந்தை.

கீழே இடப்பக்கம் ரோமியா.
இரண்டு வருஷமாக லிஃப்டில்
அவள் மாடிக்கு நானும் என் மாடிக்கு அவளும்
பொத்தான் அழுத்தியிருக்கிறோம். அவ்வளவுதான்.
அவர்கள் ஏமன் வழி. நாங்கள் லித்துவேனியா.
இங்கே அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை,
தொப்பி சொல்லிவிடும்.

அவள் பிள்ளைக்கு வயிற்று உப்புசம்.
"முழங்கால்மேல குப்புறப் போடு" என்றேன்.
போட்டாள். ஏப்பம் என் மாடிவரை கேட்டது.
எதிர்க் கட்டடத்தில் யாரோ கைதட்டினார்கள்.
அதற்கப்புறம் எங்களுக்கு வாய் மூடவில்லை:
தண்ணீர் அழுத்தம், பல் முளைப்பது,
சமையலறையில் இரண்டு தொட்டியும் ஒரே பக்கம் கசிவது.
பேச்சோடு பேச்சாக,
"பெரியவளுக்கு ஆறு முடிஞ்சிடுச்சு.
ஸ்கூல்லேர்ந்து மூணாவது லெட்டர். இடமில்லையாம்."
குறையாகச் சொல்லவில்லை.
இன்று காற்று அதிகம் என்பதுபோலச் சொன்னாள்.

ப்ளூமாவின் வகுப்பில் நாலு மேசை காலி.
ஒன்றின்மேல்தான் என் மகள் தினமும் பையை வைக்கிறாள்.
சேர்க்கைக் குழுவில் என் கணவர்.
இதில் எதையும் நான் சொல்லவில்லை.
"ஆண்டவன் வழி விடுவான்" என்றேன்.
சொன்னதும் என் காதுக்கே அது
நாலாவது லெட்டர் மாதிரி கேட்டது.

அவள் உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.
ஜக்னூன். இரவெல்லாம் சூட்டில் கிடந்து பழுப்பேறியது.
"கம்பி இருந்திருந்தா மேல கொண்டாந்திருப்பேன்."
கம்பி இருந்த நூறு வாரங்களை
அவளும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

மூன்று நட்சத்திரம் தெரிந்தாயிற்று.
பின்னல் மெழுகுவர்த்தியின் புகை அடங்குமுன்
"பிங்கஸ், ப்ளூமா வகுப்பில் நாலு மேசை காலி" என்றேன்.
அவர் சால்வையை மடித்தார்,
ஓரத்தோடு ஓரம் சேர்த்து,
எப்போதும் எடுக்கும் நேரத்தைவிட அதிகம் எடுத்து.
பிறகு ஜன்னலுக்குப் போனார்.
மேற்குச் சரிவில் ஏணிமேல் சூஷா.
கீழே யாரோ டார்ச் பிடித்திருந்தார்கள்.
"கட்டிட்டானா?" என்றார்.
"இன்னும் இல்லை" என்றேன்.