பத்தொன்பதாம் வரிசை

விலைதான் முதலில் பிறந்தது.
ராட்டர்டாமிலிருந்து வந்த யோஸ்ட் வெயன்பெர்க்
தேநீர் ஆறுவதற்குள் எழுதிக் காட்டினார்:
நாற்பத்தொன்பது யூரோ, தொண்ணூற்றொன்பது சென்ட்.
பொருள் அப்போது இல்லை.
இரண்டு கைப்பிடி, இரண்டு குச்சி,
கட்டைவிரலுக்குக் காத்திருக்கும் நான்கு பொத்தான்
எதுவுமே இல்லை.
டோங்குவானில், ஆறாம் மாடியில்,
என் மேசைமேல் ஒரு காலி அட்டவணை மட்டும் இருந்தது.

பின்னோக்கி நடக்கத் தொடங்கினேன்.
வரி தன் பங்கை எடுத்துக்கொண்டது.
கடைக்காரர், அவர் விளக்கு, அவர் வாடகை:
மிச்சத்தில் பத்துக்கு மூன்று.
அப்புறம் கப்பல், கிடங்கு, விளம்பரம்,
பழுதாகித் திரும்பப் போகிறவற்றுக்கு
முன்கூட்டியே எடுத்துவைத்த வாய்க்கரிசி.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
எண்பத்தெட்டு யுவான் மிஞ்சியது.
இதற்குள் ஒரு கன்ட்ரோலர் பிறந்தாக வேண்டும்.

போட்டிக் கம்பெனியின் சரக்கு ஒன்றை
முழு விலைக்கு வாங்கி வந்து
ரசீதைக் கணக்கில் சேர்த்துவிட்டுப் பிரித்தேன்.
மூவிதழ்த் திருகாணி எட்டு.
மேலோடும் அடியோடும் தராசில் எழுபத்தொரு கிராம்.
ரப்பர்ச் சவ்வு. பாட்டரி.
அதிர்வு மோட்டார் இரண்டு, ஒன்று கனம், ஒன்று லேசு.
கார் மோதும்போது உள்ளங்கை நடுங்குவது
ஒருபக்கம் சாய்ந்த
இந்த இரும்புத் துண்டால்தான்.
நான்கு யுவான் இருபது ஃபென் பயம்.

பச்சைப் பலகையின் ஓரத்தில்
யாரோ வைத்த சிவப்புப் புள்ளி.
சோதித்தாயிற்று என்று அர்த்தம்.
அதற்கு என்ன போடுவது?
மூன்று வினாடிக் கூலி என்று போட்டேன்.
மை தனி.

கூட்டினால் தொண்ணூற்றொன்று நாற்பது.
மூன்று யுவான் நாற்பது ஃபென் உதைத்தது.

கம்பியில் அரை மீட்டர் வெட்டினேன், எழுபது ஃபென்.
பெட்டிக்குள் பிளாஸ்டிக் தட்டுக்குப் பதில் அட்டை,
ஒன்று பத்து.
முதுகில் பூசும் மெத்துப் பூச்சு போனது,
சரியாக ஒரு யுவான்.
இன்னும் அறுபது ஃபென்.
அட்டவணையில் மேலும் கீழும் போனேன்,
தொலைத்த சாவியைத் தேடுகிறவள் மாதிரி.

பொறியாளர் சி வென்லூ எட்டிப் பார்த்தார்.
"குச்சியில் மட்டும் கை வைக்காதே."
கை வைத்தேன்.
பத்தொன்பதாம் வரிசை:
இருபது லட்சம் சுற்றுத் தாங்கும் உணரியை அழித்து
ஐந்து லட்சம் என்று அடித்தேன்.
ஒரு குச்சிக்கு முப்பது ஃபென்.
எண்பத்தெட்டு, புள்ளி, பூஜ்யம் பூஜ்யம்.
அன்று நன்றாகத் தூங்கினேன் என்பதையும்
எழுதிவிடுகிறேன்.

மூன்று குளிர்காலம் கழித்து
மேல்மாடி மான்தோங் கதவைத் தட்டினாள்.
ஒன்பது வயது. கையில் கன்ட்ரோலர்.
ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு, மாமா வாங்கித் தந்தது.
"நான் தொடவே இல்லை, ஆனால்
அவன் இடதுபக்கம் நடக்கிறான்."
அவள் வீட்டுத் திரையில் பார்த்தேன்.
வாளும் தொப்பியுமாக ஒரு வீரன்
யாரும் சொல்லாமலே நடந்து
பள்ளத்தில் விழுந்தான்.
எழுந்தான். நடந்தான்.
விழுந்தான்.

திருகாணிகளைக் கழற்றும் முன்பே தெரியும்.
முதுகு வழவழப்பு, கம்பி குட்டை.
உள்ளே தேய்ந்த கருந்தடம்,
என் எழுத்தைப் போலவே இடப்பக்கம் சாய்ந்து.

மாதிரிப் பெட்டியின் அடியில் கிடந்த
இருபது லட்சத்தை இரண்டு குச்சிக்கும் வைத்துப்
பற்றவைத்தேன்.
வீரன் நின்றான்.
பள்ளத்தின் விளிம்பில்,
கட்டளைக்குக் காத்து.

"எவ்வளவு?" என்றாள்.
உணரி, ஈயம், அரை மணி நேரம்,
அந்த அறுபது ஃபென்னை
எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல்
"பன்னிரண்டு" என்றேன்.

"பத்து" என்றாள்.
உள்ளங்கையில் பத்து யுவான் தாள்
ஏற்கெனவே நாலாக மடிந்திருந்தது.