இரண்டு விரற்கடை

மதில் கட்டி மிஞ்சியது எண்பத்து நாலு சாலிட் பிளாக்.
திருப்பி கொரடாச்சேரிக்கு ஏற்றிப்போக
டாட்டா ஏஸ்காரர் எழுநூறு கேட்டார்.
குளம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஏன் என்று கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தேன்:
மாமியாருக்கு வாத்து,
பக்கத்து வீட்டு ஜெபமாலைக்கு அல்லித்தண்டு,
வங்கியில் லீவு எழுதும்போது
'குடும்ப அலுவல்'.

"மூணு பக்கம் வாய்க்கால் ஓடுற ஊர்ல
கொல்லைக்குள்ள குளமா?" என்றார்
கொத்தனார் வைரக்கண்ணு.
கரண்டியும் தூக்குக்குண்டும் கொடுத்துவிட்டு
திருப்பூர் பஸ் ஏறினார்.

எட்டுக்கு ஐந்து, ஆழம் இரண்டரை.
சித்திரையில் களிமண் கருங்கல்.
ராத்திரி நாலு குடம் ஊற்றினால் காலையில் அல்வா.
இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் உண்டு,
ஆறு மணியிலிருந்து ஏழு வரை.
மண்வெட்டியில் ஒட்டியதைக் கொட்டாங்கச்சியால் வழித்து
ஏழு நாளில் இடுப்பளவு.
குறுக்கே ஒரு நண்டுவளை, ஆள் இல்லாமல்.
குதிகாலால் மிதித்து அடைத்தேன்.

மட்டம் பார்க்க ட்யூபில் தண்ணீர்.
வீரசேகரன் ஒரு முனை, நான் ஒரு முனை.
"உன் பக்கம்தான் தாழ்வு."
"உங்க பக்கம்."
பதினாறு வருஷச் சண்டையில்
முதல்முறையாக ஒரு குழாய் தீர்ப்புச் சொன்னது:
அவர் பக்கம்.

ஒன்றுக்கு நாலு கலவை.
பிளாக்கை நனை, இணைப்பு மேல் இணைப்பு வரவிடாதே,
போனில் வைரக்கண்ணு.
மூன்றாம் வரிசையில் கை வெந்தது.
சிமெண்ட் தின்ற ரேகையை
திங்கட்கிழமை வங்கியின் வருகைப் பெட்டி ஏற்கவில்லை.
மீண்டும் முயலவும், மீண்டும் முயலவும்.

பூச்சு. பால் சிமெண்ட். பதினாலு நாள் ஈரச்சாக்கு.
வாழைத்தண்டு வெட்டிப்போட்டு ஊறவைத்து, இறைத்து,
மறுபடி ஊறவைத்து, இறைத்து
(காரம் இறங்காவிட்டால் மீன் செத்து மிதக்கும்)
ஒரு வெள்ளிக்கிழமை நிரப்பினேன்.
சாக்குக்கட்டியால் ஒரு கோடு.

மறுநாள் கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை.
"வெயில் குடிச்சிருக்கும்," என்றார் வீரசேகரன்.
அதே வெயிலில் ஒரு வாளி நிறைத்து வைத்தேன்.
வாளி இழந்தது அரை நகம்.
குளம் மறுபடி இரண்டு விரல்.
வெயிலை விடுதலை செய்தோம்.

கன்னிமூலையில், தளமும் அடிவரிசையும் சேருமிடத்தில்
தலைமுடி நுழையாத ஒரு கோடு.
எம்-சீல் வைத்தேன்.
நானூற்று இருபது ரூபாய்க்கு ஒரு நீலத் திரவம் பூசினேன்.
ஜெபமாலை சொல்லி கடுக்காயும் வெல்லமும்.
தினம் இரண்டு விரல்,
ஒருநாள் கூடவோ குறையவோ இல்லை.
இத்தனை நாணயமாக
எங்கள் கிளையில் யாரும் தவணை கட்டியதில்லை.

ஒரு சாண் மிச்சமிருக்கையில் மோட்டாரை நிறுத்தினேன்.
வற்றியது.
மாமியார் அதில் உளுந்து காயப்போட்டார்.
யாரும் எதுவும் சொல்லவில்லை,
அதுதான் சொன்னது.

ஆனி பிறந்து பத்தாம் நாள் வாய்க்காலில் தண்ணீர்;
முன்னால் நுரை, ஒற்றைச் செருப்பு, தெர்மகோல்,
பின்னால் செம்மண் நிறம்.
நாலாம் நாள் காலை உளுந்து நனைந்திருந்தது.
மழை இல்லை.
மாமியார் என்னைப் பார்த்தார்.
நான் மோட்டாரைத் தொடவில்லை.

படியில் இறங்கி உளுந்தை ஒதுக்கினேன்.
கன்னிமூலையில் அதே கோடு,
உள்ளே வந்துகொண்டிருந்தது.
சத்தமில்லாமல், கலங்காமல்,
களிமண் வடிகட்டியது.

வைரக்கண்ணுவுக்குப் படம் அனுப்பினேன்.
"அடைச்சிராதீங்க, தளத்தையே தூக்கிரும்.
வர்ற தண்ணிய வரவிடுங்க."
சற்றுக் கழித்து இன்னொன்று:
"பூசினது வேஸ்ட். நல்லவேளை."

இப்போது கீழிருந்து மேலே கோடு போடுகிறேன்,
நாளுக்கு ஒன்றரை விரல், வெயிலுக்குக் கொடுத்தது போக.
பேப்பரில் முதலில் மேட்டூர் எத்தனை அடி என்று பார்க்கிறேன்.
வெள்ளிக்கிழமைக் கோட்டுக்கு இன்னும் நாலு விரல் பாக்கி.

ரேகை வளர்ந்துவிட்டது, பெட்டி திறக்கிறது.
மாமியார் நேற்று கேட்டார்:
"வாத்து எங்கே?"