ஏழு மணி ரீடிங்

சையத் பாஷா மலைப் பாறையில்
சிவப்புப் பெயிண்டில் ஒரு கூட்டல் குறி.
அது நகராது என்று வைத்துக்கொண்டுதான்
பழையபேட்டை நகர்வதை அளக்கிறேன்.

நாற்பதடிக் குழி.
வண்டி நிறுத்த, பூமிக்குள்ளே மூன்று தளம்.
விளிம்பிலிருந்து ஒன்பதடி தள்ளி
மெஹருன்னிசாவின் மாவு மில்.
கிழக்குச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து
பல்லி ஏறுவதுபோல் ஒரு விரிசல்.
அதன்மேல் நான் ஒட்டிய இரண்டு தகடு:
ஒன்றில் கட்டங்கள், ஒன்றில் சிலுவைக்கோடு,
ஓரத்தில் என் கையெழுத்தில், வி-14.

தினமும் காலை ஏழு மணிக்கு.
வெயிலேறினால் சுவரும் விரியும்,
கணக்கு பொய்த்துவிடும்.
தகட்டில் ராகி மாவு படிந்திருக்கும்.
முக்காட்டு நுனியால் அவளே துடைத்துவிடுவாள்.
“இன்னிக்கு எவ்ளோம்மா?”
“புள்ளி ரெண்டுக்கா.”
“புள்ளின்னா கம்மிதானே?”
கம்மிதான்.
ஒரு ராகி மணியில் கால்வாசிகூட இல்லை.

மூன்றாம் வாரம் புள்ளி ஏழு.
அதிர்வுமானி வரைந்த தாளில்
ஆறே முக்காலுக்கு ஒரு முள்காடு.
சூப்பர்வைசர் தணிகைமலை அதன்மேல் விரல் வைத்தார்:
“நம்ம மெஷின் ஒன்பதுக்குத்தான் ஸ்டார்ட் ஆகுது.
இது அவங்க மோட்டார். அப்படியே எழுதிடு.”
எழுதினேன்.
பொய்யில்லை. மோட்டார் அதிர்ந்தது,
என் கால் பெருவிரலுக்கே தெரியும்.

அடுத்த திங்கள் அவளுக்கு நோட்டீஸ்.
பத்து நாள் மில் ஓடக்கூடாது.
ராகி மூட்டைகள் ஷேர் ஆட்டோ ஏறி
காவேரிப்பட்டணம் போயின.

சத்தமில்லாத மில்லில்
முதல் நாள் புள்ளி ஏழு.
நான்காம் நாள் புள்ளி ஒன்பது.
அன்றிரவு மழை.
குழியின் பக்கச் சுவரில் செம்மண் வியர்த்தது.
ஆறாம் நாள் ஒன்று புள்ளி நான்கு,
ஒரு முழு ராகி மணி.
தாளில் முள்காடு இல்லை.
ஆறே முக்காலுக்கும் நேர்கோடுதான்.

போனில் தணிகைமலை:
“தகடு நழுவியிருக்கும்.
பிச்சு வேற ஒட்டு. பூஜ்யத்துல இருந்து ஆரம்பி.”
பசை என் பையில்தான் இருந்தது.

அதற்கு முன்னால் மலையேறினேன்.
தப்பு மலையுடையதாக இருந்தால் நல்லது
என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே.
குறி இருந்த இடத்தில் இருந்தது.
யாரோ அதன் இடப்பக்கம் சாக்பீஸில் ‘சேட்டு’ என்றும்
வலப்பக்கம் ‘பவி’ என்றும் எழுதி
எங்கள் கூட்டலைத் தங்களுக்கு எடுத்திருந்தார்கள்.
மற்றபடி பாறை அசையவில்லை.

இறங்கி வந்து எழுதினேன்:
வி-14, ஒன்று புள்ளி நான்கு.
குறிப்பு என்ற கட்டத்தில்: மில் ஓடவில்லை.

“இன்னிக்கு எவ்ளோம்மா?”
சொன்னேன்.
மாவில்லாத தகட்டைப் பழக்கத்தில் ஒருமுறை துடைத்தாள்.
“புள்ளிக்கு முன்னாடி ஒன்னு வந்துடுச்சே.”

வேறெதுவும் கேட்கவில்லை.
தராசை, படிக்கற்களோடு,
மேற்குச் சுவர்ப் பக்கம் இழுக்க ஆரம்பித்தாள்.
மறுமுனையை நான் பிடித்தேன்.