மூன்று மணி வினைச்சொல்

கிரிம்ஸ்பியில் மீன் ஆலைக்குப் பின்னால்
ஒரு வீடு. கட்டில் மூன்று, ஆள் ஆறு.
ஒருவர் எழுந்தால்தான் ஒருவர் படுக்கலாம்.
அலாரம் வைக்கக் கூடாது.
சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை;
அதன் அப்பா ஒருமுறை வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறார்.

ஆகவே ஜிந்த்ரா,
ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்து,
எலுமிச்சை மூடியால் கையைத் தேய்த்துக் கழுவி,
செம்ஹாரின் கால் கட்டைவிரலைப் பிடித்து
ஒரு இழுப்பு.
பேச்சில்லை. அவள் எழுந்துபோன சூட்டில்
இவள் சுருண்டுகொள்வாள்.

வெள்ளிக்கிழமை ஆங்கிலப் பரீட்சை.
அட்டை கிழிந்த அகராதியில்
வேக், வோக், வோக்கன்.
எழுவதற்கும் எழுப்புவதற்கும் ஒரே சொல்லாம்.
அவளுடைய லாட்விய மொழியில் இரண்டு:
தானாய் விழிப்பது ஒன்று, பிறரை எழுப்புவது வேறு.
மாற்றிச் சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும்.
யார் யாரை எழுப்பினார் என்பது
இந்த ஊரில் ஒரு பொருட்டே இல்லையா?
ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: கஞ்சர்கள்.

'அவேக்கன்' எப்போது வரும்?
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நெவிலைக் கேட்டாள்.
"அது சர்ச்சில் வரும், கண்ணு.
இங்கே ஆறு மணிக்கு வந்து நின்றால் போதும்."

அதே வாரம் லாரிக்கார ஃபின்டன் லீவு கேட்டான்.
அயர்லாந்தில் சித்தி தவறிவிட்டாள்,
'வேக்' இருக்கிறது, போகணும்.
"எழுப்பவா?" என்றாள் ஜிந்த்ரா, பதறி.
அவன் கொஞ்சநேரம் அவளையே பார்த்தான்.
"இல்லை. எழமாட்டாள்.
நாங்கள் தூங்காமல் இருப்போம்.
ஹாம் சாண்ட்விச் இருக்கும்."

பரீட்சையில் நாலாவது கேள்வி:
இந்த வினையை நிகழ்காலத்தில் வைத்து
ஒரு வாக்கியம். தன்மை, ஒருமை.

நான் விழிக்கிறேன்.
எழுதிவிட்டு அடித்தாள்.
எவர் சொல்ல முடியும் இதை, அந்த நொடியில்?
சொல்ல வாய் வருவதற்குள்
விழித்தேன் ஆகிவிடுகிறதே.
தன் விழிப்பைத் தான் பார்த்தவர் யாருமில்லை.
கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.
அகராதியின் கஞ்சத்தனத்தை
அவள் அப்போது பயன்படுத்திக்கொண்டாள்:
நான் செம்ஹாரை மூன்று மணிக்கு எழுப்புகிறேன்.

அன்றைக்கு மழை; பஸ் தாமதம்; மூன்றே கால்.
இருட்டில் விரலைத் தேடினாள்,
காலுறைக்குள் இருந்தது.
"விழித்திருக்கிறாயா?" என்று
முதல் முறையாக வாய்விட்டுக் கேட்டாள், ஆங்கிலத்தில்,
இலக்கணம் பிசகாமல்.

"இல்லை," என்றாள் செம்ஹார்.